பதினோராவது கட்டம்

படிவத்தில் பதினோராவது கட்டம்: பழக்கங்கள்.
புகை, மது. ஆம், இல்லை.
ஒரு டிக் நிற்கலாம் அதற்குள்,
ஒரு ஆள் நிற்க முடியாது.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில்
அர்த்தநாரிக்குப் பற்றவைக்கிற வேலை.
வயது நாற்பத்தொன்று. எடை நாற்பத்தொன்று.
'ரெண்டும் ஒண்ணாயிடுச்சுங்க மேடம்' என்று சிரித்தார்.
சிரிப்பு பாதியில் இருமலாகித்
துண்டுக்குள் போய் உட்கார்ந்தது.

பீடி?
'ஒரு கட்டுங்க. அதுலயும் பாதி
மத்தவனுங்க புடுங்கிக்குவானுங்க.'
குடி?
'எப்பவாச்சும்.'
எப்பவாச்சும் என்றால் தினமும் என்று
இந்த ஒன்பது வருஷத்தில் படித்திருக்கிறேன்.
ஆம் போட்டேன்.

பட்டறைக்கு ஜன்னல் உண்டு, திறப்பதில்லை.
காற்று புகுந்தால் வெள்ளித்தூள் பறந்துவிடும்.
கூட்டி அள்ளிய குப்பைக்கே விலை இருக்கிற இடம்.
ஆறு பேர், ஊதுகுழல், புகை,
ஒருவர் விட்டதை இன்னொருவர் இழுக்கிறார்,
ராத்திரி எட்டு மணிவரை.
அந்த ஜன்னலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
முதலாளிக்கும் இல்லை.

கூட இருப்பவர்கள்?
'தனியாத்தாங்க. சம்சாரம் ஓமலூர்ல, அவங்கம்மா வீட்டுல.'
சாயங்காலம் யார்கூட?
விட்டத்தைப் பார்த்தார்.
டாஸ்மாக்கை ஒட்டிய தகரக் கொட்டகை, மூலை மேசை,
நாலு பேர். அது எனக்கே தெரியும்.
பேர் மட்டும் வரவில்லை.
'கிளாஸெல்லாம் வேற வேறதாங்க.'
கிளாஸ்ல வராதுண்ணே, காத்துல வருது என்றேன்.
அப்போதுதான் முகம் மாறியது.
கிளாஸை மாற்றிவிடலாம்.

அன்றைக்கு எழுந்துவரும்போது நான் சொன்னது ஒரே வாக்கியம்:
குடிச்சிட்டு மாத்திரை போடக்கூடாது.

இரண்டாம் மாதம் போனால்
அட்டை அட்டையாக மாத்திரை, கிழியாமல்,
சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக.
'நீங்கதானுங்க சொன்னீங்க,
குடிச்சா போடாதேன்னு.'
தினமும் குடித்தார். தினமும் போடவில்லை.
என் பேச்சை இம்மி பிசகாமல் கேட்ட மனுஷன்
என் வாழ்க்கையில் அவர் ஒருத்தர்தான்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டியை ஓரங்கட்டினேன்.
அழவில்லை, டீ குடித்தேன்.
எதிரே சேர்வராயன் மலை, உச்சியில் மேகம்.
அங்கே நல்ல காற்று என்று
ஊரிலிருந்து காசு கொடுத்து ஏறுகிறார்கள்.
டீக்கடை மறைவில் ஒரு பையன் பள்ளிச் சீருடையில்
முதல் சிகரெட்டை இழுத்து,
இருமி,
யாராவது பார்த்தார்களா என்று திரும்பினான்.
பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.
சொன்ன வாக்கியம் ஒன்றே அன்றைக்குப் போதுமாயிருந்தது.

மறுநாள் வேறு வாக்கியத்தோடு போனேன்.
குடிச்சாலும் போடுங்க. போட்டுட்டு வந்து சொல்லுங்க,
எவ்வளவுன்னு, பொய் இல்லாம.
ஈரலுக்கு ரத்தம் பார்ப்போம்.
விடணும்னு தோணுச்சுன்னா அதுக்கும் டாக்டர் இருக்கார்,
திட்டமாட்டார்.
வெகுநேரம் கட்டைவிரல் நகத்தில் ஒட்டிய வெள்ளியைச் சுரண்டினார்.
'விடச் சொல்லித்தான் எல்லாரும் சொல்வாங்க' என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் எடை நாற்பத்தாறு.
குடி வாரத்துக்கு இரண்டு நாள் என்றார்;
மூன்று என்று எழுதிக்கொண்டேன்.
பீடி விடவில்லை.
பட்டறை ஜன்னலில் ஈரச்சாக்கு கட்டி
அரைக் கதவைத் திறந்திருக்கிறார்களாம்.
தூள் சாக்கில் ஒட்டிக்கொள்கிறது, சாக்கையும் எரித்து வெள்ளி எடுக்கலாம்
என்று முதலாளியிடம் சொன்னது இவர்தான்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
'சளி டப்பா நாலு குடுங்க மேடம்.
பேர் கேக்காதீங்க.'

திங்கட்கிழமை மூன்று டப்பா வந்தது,
பிளாஸ்டிக் பையில், மூடி இறுக்கி.
ஒன்றில் மட்டும் பென்சிலால்
அவரே எழுதிய பெயர்.
நாலாவது?
'அவன் வரமாட்டேங்கறானுங்க.
அவனுக்குத்தான் இருமல் சாஸ்தி.'

இன்றைக்கும் சிவதாபுரம் போகும்போது
என் பையில் காலி டப்பா ஒன்று கூடுதலாக இருக்கும்.
மேடு பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கினால்
அது மட்டும் கடகடவென்று ஆடும்.